மூன்று கிராமங்களை விற்ற குடும்பமும் அதன் துர்க்கையும்

லண்டனின் தெற்கே குரோய்டனைச் சேர்ந்த தோர்ண்டன் ஹீத்தில் வாழும் தமிழர்களுக்கு அடிஸ்கோம் என்னும் பகுதி அன்றாடம் கடந்துபோகும் தொலைவில்தான் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் படை அதிகாரிகளைப் பயிற்றுவித்த கல்லூரி 1809 முதல் 1861 வரை அங்கேதான் இயங்கியது; கல்லூரி மூடப்பட்டுக் கட்டடமும் இடிக்கப்பட்ட பின் அந்த நிலத்தில் போடப்பட்ட ஐந்து தெருக்களுக்கு, இந்தியாவில் ஆட்சி செய்தும் போர் நடத்தியும் பெயரெடுத்த கானிங், கிளைடு, எல்ஜின், ஹேவ்லாக், ஔட்ரம் ஆகியோரின் பெயர்கள் இடப்பட்டன, இன்றும் அவை வழங்குகின்றன. வங்காளம், சென்னை, பம்பாய் என்ற மூன்று மாகாணப் படைகளுக்கும் இங்கிருந்து இளைஞர்களை அனுப்பிய அந்தக் கம்பெனிக்கு வங்காளத்தில் சட்டப்படி முதன்முதலாகக் கிடைத்த நிலவுரிமை மூன்று சிறு கிராமங்களின் மீதானதாகும். 1698ஆம் ஆண்டு 1,300 ரூபாய்க்கு அந்த உரிமையை எழுதிக் கொடுத்த சாவர்ண ராய்சௌத்ரி குடும்பம் இன்றும் கொல்கத்தாவில் இருக்கிறது. நிலம் கைவிட்டுப் போனாலும், 1610இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் துர்க்கை வழிபாட்டை அது இன்றுவரை நடத்தி வருகிறது.

இக்குடும்பத்தின் பெயரே அதன் வரலாற்றைப் பாதி சொல்லிவிடுகிறது. சாவர்ணம் என்பது கோத்திரத்தின் பெயர். கங்கோபாத்தியாய் என்பது பிறப்பால் வந்த குலப்பெயர். ராய், சௌத்ரி இரண்டும் நிலவரி தண்டும் அதிகாரத்தோடு கிடைத்த பட்டங்கள். வங்காளத்து உயர்குடிப் பிராமணர் பலரையும் போலவே இவர்களும், ஆதிசூரன் என்னும் மன்னன் கன்னோசியிலிருந்து வரவழைத்ததாக மரபு கூறும் ஐந்து பிராமணர்களுள் ஒருவரான வேதகர்ப்பரையே தம் முன்னோராகக் கொள்கின்றனர். ஆதிசூரனின் கதைக்கு உறுதியான சான்று இல்லை என்பதே வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. ஆயினும், தொலைவான ஒரு புனித நிலத்திலிருந்து வந்தவர்கள் என்ற நினைவு ஒரு நிலவுடைமைக் குடிக்கு எத்தகைய மதிப்பைத் தேடித் தரும் என்பதை, குடியேற்றக் கதைகளைத் தம் கோயில் தலபுராணங்களிலேயே பொதிந்து வைத்திருக்கும் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

குடும்பம் நிலவுடைமை பெற்ற கதை இன்றைய கொல்கத்தாவிலுள்ள காளிகாட்டில் தொடங்குகிறது. ஜியா கங்கோபாத்தியாய் என்பவரும் அவர் மனைவி பத்மாவதியும் பிள்ளை வேண்டிக் காளிகாட்டுத் தேவியிடம் தவமிருந்தனர் என்றும், 1570இல் ஆண் குழந்தை பிறந்ததும் தாய் இறந்துவிட, தந்தை குழந்தையைக் கோயிலாரிடம் விட்டுவிட்டுக் காசிக்குச் சென்று காமதேவ பிரம்மச்சாரி என்ற பெயரில் துறவியானார் என்றும் குடும்ப மரபு கூறுகிறது. அக்குழந்தையே லட்சுமிகாந்தர். ஜெசூர் நாட்டுப் பிரதாபாதித்தனிடம் வரி அலுவலராகப் பணியாற்றிய அவர் பின்னர் அந்த அரசிடமிருந்து விலகி நின்றார். பிரதாபாதித்தனை எதிர்த்துப் படையெடுத்து வந்த முகலாயத் தளபதி மான்சிங் காசியிலிருந்த காமதேவரின் சீடர் என்பதும், லட்சுமிகாந்தர் தன் குருவின் மகன் என்று அறிந்து 1608இல் அவருக்கு எட்டுப் பர்கானாக்களை ஜாகீராக வழங்கச் செய்தார் என்பதும் அதே மரபின் தொடர்ச்சி. பர்கானா என்பது பல கிராமங்கள் அடங்கிய வரிவட்டம். ஜாகீர் என்பது அவ்வட்டத்தின் வருவாயை அனுபவிக்கக் கொடுக்கப்படும் உரிமை. கல்கத்தா அந்த எட்டில் ஒன்று.

இங்கே ஜமீன்தார் என்ற சொல்லின் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. முகலாயர் காலத்து ஜமீன்தார் மண்ணுக்கு முழு உரிமையாளர் அல்லர். உழுபவரிடம் வரியைத் தண்டி, அரசுக்குரிய பங்கைச் செலுத்தி, எஞ்சியதைத் தமக்கு வைத்துக்கொண்டு, அந்த வட்டாரத்தின் வழக்குகளையும் காவலையும் கவனித்தவர் அவர். உழவருக்கும் தம் நிலத்தில் வழிவழி வந்த உரிமை உண்டு, அரசருக்கும் அதே நிலத்தில் உரிமை உண்டு. ஒரே நிலத்தின் மீது அடுக்கடுக்காகப் பல உரிமைகள் படிந்திருந்தன. நிலத்தை வாங்கலாம் விற்கலாம் என்று மட்டுமே அறிந்திருந்த ஆங்கில வணிகருக்கு இந்த அடுக்குகள் முதலில் குழப்பமாகவும் பின்னர் பெரும் வாய்ப்பாகவும் அமைந்தன.

1690 ஆகஸ்ட் 24 அன்று கம்பெனியின் முகவர் ஜாப் சார்னாக் ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள சுதாநுட்டியில் வந்திறங்கினார். அவருடைய வாழ்வில் தமிழகத்துக்கும் ஒரு பங்குண்டு: வங்காளத்தை விட்டு விலகிச் சென்னையில் தங்கியிருந்த காலத்தில், 1689 ஆகஸ்டில், அவருடைய மூன்று மகள்கள் புனித ஜார்ஜ் கோட்டையிலுள்ள புனித மேரி ஆலயத்தில் திருமுழுக்குப் பெற்றனர். 1693 ஜனவரியில் சார்னாக் இறந்தபோது சுதாநுட்டி, கல்கத்தா, கோவிந்தபூர் ஆகிய மூன்று கிராமங்களும் ராய்சௌத்ரிகளின் வரிவட்டத்துக்குள்ளேயே இருந்தன. அவருக்கு நினைவு மண்டபம் எழுப்பிய மருமகன் சார்லஸ் அயர்தான் ஐந்தாண்டுகளுக்குப் பின் அக்கிராமங்களைக் கம்பெனிக்காகப் பெற்றார். கல்கத்தாவின் புனித ஜான் ஆலய வளாகத்தில் உள்ள அந்தக் கல்லறையில் பதிக்கப்பட்ட கருங்கல் பலகை சென்னையை அடுத்த பல்லாவரத்துப் பாறை வகையைச் சேர்ந்தது. அவ்வகைப் பாறையை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் அதற்குச் சார்னாக்கைட் என்று பெயரிட்டதால், பல்லாவரத்துக் குன்றுகளின் கல் இன்று உலகெங்கும் அந்த வணிகரின் பெயராலேயே அறியப்படுகிறது.

விற்பனை எளிதாக நடந்துவிடவில்லை. ஔரங்கசீப்பின் பேரனும் வங்காளத்தின் ஆளுநருமான அசீம்-உஷ்-ஷான் 1698இல் 16,000 ரூபாய் பெற்றுக்கொண்டு, மூன்று கிராமங்களின் உரிமையை அவற்றை வைத்திருப்போரிடமிருந்து விலைக்கு வாங்கலாம் என்று கம்பெனிக்கு அனுமதி அளித்தார். குடும்பத்தார் விற்க விரும்பவில்லை என்றும், இளவரசரின் ஆணைக்கு முன் வேறு வழியின்றியே கையெழுத்திட்டனர் என்றும் அவர்களுடைய மரபு வலியுறுத்துகிறது. அனுமதிக்கு 16,000 ரூபாயும் கிராமங்களுக்கு வெறும் 1,300 ரூபாயும் கைமாறியிருப்பதைப் பார்த்தாலே அந்த மரபில் உண்மை இருக்கிறது என்று கொள்ள இடமிருக்கிறது. அந்த ஆண்டு நவம்பர் 10 அன்று எழுதப்பட்ட பாரசீக மொழிப் பத்திரம் கம்பெனிக்குக் கொடுத்தது ஜமீன் உரிமை மட்டுமே. ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,200 ரூபாயை முகலாயக் கருவூலத்துக்கு வரியாகச் செலுத்தும் கடமை கம்பெனிக்குத் தொடர்ந்தது. ஆகவே, பிற்காலத்தில் ஒரு துணைக்கண்டத்தையே ஆண்ட கம்பெனி வங்காளத்தில் ஒரு ஜமீன்தாராகத்தான் தொடங்கிற்று. 1700இல் ரால்ஃப் ஷெல்டன் கல்கத்தாவின் கலெக்டராக அமர்த்தப்பட்டபோது, அப்பதவி ஜமீன்தார் என்ற பெயராலும் வழங்கியது. தமிழ்நாட்டு மாவட்டங்கள்தோறும் இன்றும் நிலைத்திருக்கும் கலெக்டர் என்ற சொல், வரி தண்டுபவர் என்ற அதே பொருளில் அங்கே வேர்கொண்டிருந்தது.

ராய்சௌத்ரிகளின் சமய வாழ்வு ஒரே நெறிக்குள் அடங்குவதன்று. குடும்பம் தோன்றிய கதையே காளியின் அருளில் தொடங்குவதால் சாக்தம், அதாவது சக்தியையே முழுமுதற் பொருளாகக் கொள்ளும் நெறி, அதன் அடித்தளம். காளிகாட்டில் இன்றுள்ள கோயிலை 1809இல் கட்டி முடித்ததும் இக்குடும்பமே. ஆயினும் காளிகாட்டில் நாள்வழிபாடு செய்யும் உரிமை ஹால்தார் என்னும் அர்ச்சகக் குடும்பத்தாருடையது. கட்டியவர் ஒருவர், பூசை செய்பவர் மற்றொருவர் என்ற இந்தப் பிரிவு, திருப்பணிக்காரரையும் குருக்களையும் வேறாக வைத்திருக்கும் தமிழ்க் கோயில் முறையோடு ஒத்துப்போகிறது. சாக்தத்தின் பக்கத்திலேயே வைணவமும் வளர்ந்தது. கல்கத்தாவின் நடுவில் குடும்பத்தின் கச்சேரியை, அதாவது வரி அலுவலகத்தை, ஒட்டிச் சியாம்ராய் என்னும் கண்ணனின் கோயில் இருந்தது என்றும், ஹோலி நாளில் அங்கு தூவப்பட்ட குங்கும நிறப் பொடியால் பக்கத்துக் குளத்தின் நீர் சிவந்ததால்தான் அது லால் திகி, அதாவது சிவப்புக் குளம், எனப் பெயர் பெற்றது என்றும் சொல்வார்கள். பெயருக்கு வேறு விளக்கங்களும் உண்டு. ஆனால் பின்னாளில் கம்பெனியின் எழுத்தர் மாளிகையும் அரசு அலுவலகங்களும் சூழ்ந்த ஒரு குளத்தின் பெயரில் பழைய ஜமீன்தாரின் கண்ணன் கோயில் ஒளிந்திருக்கிறது என்று மக்கள் நம்ப விரும்பியதே போதிய பொருளுடையது.

இந்த நெறிகள் யாவும் ஒன்றுகூடுவது துர்க்கை பூசையில். கொல்கத்தாவின் தென்மேற்கே பேஹாலாவை ஒட்டிய பரிஷாவில், லட்சுமிகாந்தரும் அவர் மனைவி பகவதி தேவியும் 1610இல் இதைத் தொடங்கினர் என்பது குடும்பத்தின் கணக்கு. பூசை நடந்த மண்டபத்துக்கு ஆட்சாலா என்று பெயர். எட்டுக் கூரைச் சரிவுகள் உடையது என்பது அதன் பொருள், ஓலையும் மூங்கிலும் கொண்டு வேயப்படும் வங்காளக் கிராமத்துக் கட்டட வகை அது. 1698ஆம் ஆண்டுப் பத்திரம் எழுதப்பட்டதும் அந்த ஆட்சாலாவிலேயே என்று குடும்பத்தார் சொல்கின்றனர். பழைய மண்டபத்தின் தூண்கள் சில இன்றும் புதிய கட்டடத்தின் முன் கூரையின்றி நிற்கின்றன.

துர்க்கை மகிடனை வதைக்கும் கோலத்தில் நடுவில் நிற்க, இலக்குமியும் கலைமகளும் பிள்ளையாரும் கார்த்திகேயரும் அவளுடைய பிள்ளைகளாக இருபுறமும் அமைய, எல்லோரும் ஒரே சட்டத்துக்குள் அடங்கும் படிமத்துக்கு ஏக்சாலா என்று பெயர். பழைய ஜமீன் வீடுகள் இந்த அமைப்பை விடுவதில்லை. பொதுப் பந்தல்கள் ஒவ்வொரு தெய்வத்தையும் தனித்தனியே நிறுத்தி வேடிக்கை காட்டத் தொடங்கிய பின்னும், குடும்பம் பிரியாமல் ஒரே கூரையின் கீழ் நிற்க வேண்டும் என்ற எண்ணத்தை அந்தச் சட்டம் காத்து நிற்கிறது. ராய்சௌத்ரி வீட்டில் சிவனும் இராமனும்கூடத் தேவியின் பக்கத்தில் இடம்பெறுவர். துர்க்கைக்கும் இராமனுக்கும் என்ன உறவு என்று தமிழ் வாசகர் கேட்கக்கூடும். வங்காளத்துக் கிருத்திவாசர் இயற்றிய இராமாயணத்தில், இராவணனை வெல்வதற்காக இராமன் வசந்த காலத்தில் செய்ய வேண்டிய தேவி பூசையை இலையுதிர் காலத்தில், காலமல்லாக் காலத்தில், செய்ததாக ஒரு பகுதி உண்டு. நூற்றெட்டுத் தாமரைகளில் ஒன்று குறைய, தன் தாமரைக் கண்ணையே பறித்து வைக்க முற்பட்டபோது தேவி தோன்றித் தடுத்தாள் என்பது அக்கதை. வால்மீகியிலும் கம்பனிலும் இல்லாத இந்த நிகழ்ச்சியே வங்காளத்தார் புரட்டாசி, ஐப்பசி நாட்களில் துர்க்கையை எழுப்பி வழிபடுவதற்குச் சொல்லும் காரணம். தேவியை விழித்தெழச் செய்யும் சடங்குக்குப் போதனம் என்று பெயர்; பொதுவாக அது ஆறாம் நாளில் நடக்கும், பழைய வீடுகள் பலவற்றில் முந்திய தேய்பிறை நவமியிலேயே தொடங்கிவிடும்.

ஏழாம் நாள் விடியற்காலையில் நடக்கும் சடங்கைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். வாழைக் கன்று ஒன்றோடு சேம்பு, மஞ்சள், சிற்றகத்தி, வில்வம், மாதுளை, அசோகு, பெருஞ்சேம்பு, நெல் ஆகியவற்றைச் சேர்த்துச் சங்குப்பூக் கொடியால் கட்டி, பறை போன்ற தாக் முழங்க ஆற்றுக்கோ குளத்துக்கோ எடுத்துச் சென்று நீராட்டுவார்கள். இந்த ஒன்பது செடிகளின் தொகுதிக்கு நவபத்திரிகை என்று பெயர். நீராட்டு முடிந்ததும் சிவப்புக் கரையிட்ட வெள்ளைச் சேலையை அதற்கு உடுத்தி, வாழையிலைகள் முக்காட்டுக்குள் தலைகுனிந்த புதுப்பெண்போல் தொங்கப் பிள்ளையாரின் பக்கத்தில் நிறுத்திவிடுவார்கள். மக்கள் அதை வாழைப்பெண் என்றழைத்துப் பிள்ளையாரின் மனைவி என்றே சொல்வார்கள், சாத்திரம் அதைத் தேவியின் ஒன்பது வடிவம் என்கிறது. நெல்லும் மஞ்சளும் கிழங்கும் கூடிய இந்தக் கட்டில்தான் ஜமீன்தார் வீட்டு வழிபாட்டின் உட்பொருள் இருக்கிறது. சேலை உடுத்தி வீட்டுக்குள் அழைத்து வரப்படுபவள் விளைநிலமேதான். நிலவரியால் வாழ்ந்த குடும்பம் ஆண்டுக்கொரு முறை நிலத்துக்கு முன் தலைவணங்கிற்று.

படிமம் சுடாத களிமண்ணால் ஆனது. நீர் பட்டால் கரைந்துவிடும். ஆகவே தேவியின் முன் கண்ணாடி ஒன்றை வைத்து, அதில் விழும் அவளுடைய உருவத்தின் மீதே நீரும் பாலும் நறுமணப் பொருளும் ஊற்றி அபிஷேகம் செய்கிறார்கள். கல்லிலும் உலோகத்திலும் நிலைத்த திருமேனியை நாள்தோறும் குளிர்விக்கும் தமிழ்க் கோயில் வழக்கத்துக்குப் பழகிய கண்ணுக்கு, நிழலுக்கு நீராட்டும் இந்தக் காட்சி வியப்பளிக்கும். எட்டாம் நாளின் கடைசி 24 நிமிடமும் ஒன்பதாம் நாளின் முதல் 24 நிமிடமும் சேர்ந்த இரு நாழிகைக்குள், நூற்றெட்டு விளக்கேற்றி நூற்றெட்டுத் தாமரை சாத்திச் செய்யப்படும் சந்திபூசையே உச்சம்; அந்த வேளையில் துர்க்கை சாமுண்டியாக வழிபடப்படுகிறாள். ராய்சௌத்ரி வீடுகளில் அப்போது சுட்ட மீனைப் படைக்கும் வழக்கம் உண்டு. சுற்றித் திரியும் பூதங்களுக்கும் பசி இருக்கும் என்பதால் உளுந்தும் தயிரும் கலந்து சிறு மண் கிண்ணங்களில் அவற்றுக்கும் பலி வைக்கிறார்கள். ஆடும் எருமையும் பலியிட்ட காலம் போய், இன்று பூசணிக்காயும் கரும்பும் வெட்டப்படுகின்றன. குடும்பம் பூசை நடத்தும் எட்டு வீடுகளில் ஆறு பரிஷாவைச் சார்ந்தவை, இரண்டு நகரின் வடக்கே பிராட்டியிலும் நிம்தாவிலும் உள்ளவை. நிம்தா வீட்டில் மட்டும் தேவிக்கு மரக்கறி உணவே படைக்கப்படும், மற்ற வீடுகளில் மீன் இல்லாத படையல் இல்லை. வைணவமும் சாக்தமும் ஒரே குடும்பத்துக்குள் இப்படி அடுப்படி அளவில் இணக்கம் கண்டிருப்பது எந்தத் தத்துவ நூலும் சொல்லாத பாடம்.

தமிழர் நவராத்திரியோடு இதை ஒப்பிட்டால் ஒற்றுமையும் வேற்றுமையும் ஒருசேரத் துலங்கும். இராமநாதபுரம் சேதுபதிகள் தம் குலதெய்வமான இராஜராஜேசுவரிக்கு எடுத்த நவராத்திரி விழாவும், பத்தாம் நாளில் அம்பெய்து முடிக்கும் மகர்நோன்பும், நிலத்தை ஆள்பவர் தேவியிடமிருந்து ஆண்டுதோறும் அதிகாரத்தைப் புதுப்பித்துக்கொள்ளும் அதே கருத்தில் எழுந்தவை. சேதுபதி நாடும் 1803இல் கம்பெனியின் நிரந்தர வரித்திட்டப்படி ஜமீனாக்கப்பட்டது; அரசர்கள் ஜமீன்தார்களாகச் சுருங்கிய பின் போரிட வாய்ப்பில்லாத கைகளுக்கு விழாவே எஞ்சிய அரசாட்சி ஆயிற்று. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் அதே பத்தாம் நாள் மானம்பூ எனப்படுகிறது. மகாநோன்பு என்பதே மருவி அப்படி ஆயிற்று என்பர். அன்று நட்டுவைத்த கன்னிவாழையை மகிடாசுரனாகப் பாவித்து வாளால் வெட்டி வீழ்த்துகிறார்கள். பரிஷாவில் சேலை உடுத்தித் தேவியாக நிற்கும் அதே வாழை, யாழ்ப்பாணத்தில் அசுரனாக வெட்டுண்கிறது. ஒரே கதை இரண்டு கடற்கரைகளில் இத்தனை எதிரெதிரான வேடம் பூண்டிருப்பதைச் சமயவியலார் இன்னும் போதிய அளவு ஆராயவில்லை என்றே தோன்றுகிறது.

இவ்வளவு பெரிய விழாவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு ஜமீன் வீட்டுப் பூசையைப் போற்றுவது நேர்மையாகாது. குயவர் படிமம் செய்தார், தாக் அடிப்பவர் அடித்தார், மாலைக்காரர் நெட்டியில் அணிகலன் புனைந்தார், அவரவர்க்கு நிலமோ நெல்லோ மானியமாகக் கிடைத்தது. ஊர் முழுவதும் உண்டது. ஆனால் வங்காளத்து ஜமீன்தார்கள் பலர், நிலவரிக்கு மேல் ஆப்வாப் எனப்படும் கூடுதல் வசூல்களைக் குடியானவர்மீது சுமத்தினர், பூசைச் செலவும் அவற்றுள் ஒன்று. தேவிக்கு ஏற்றிய விளக்கின் எண்ணெயில் உழவரின் கடனும் கலந்திருந்தது. 1757இல் பிளாசிப் போருக்குப் பின் கம்பெனியின் ஆதரவால் பெருஞ்செல்வரான நவகிருஷ்ண தேவ் கல்கத்தாவின் சோபாபஜாரில் எடுத்த பூசைக்கு ராபர்ட் கிளைவே வந்தார் என்று சொல்லப்படுகிறது. புதிய செல்வர்களின் வீடுகளில் நாட்டியமும் விருந்துமாக அது ஆங்கிலேயருக்குக் காட்டும் செல்வக் காட்சியாக மாறிற்று. இதற்கு மாற்றாக, பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹூக்ளி மாவட்டத்துக் குப்திபாராவில் பன்னிரண்டு நண்பர்கள் சேர்ந்து ஊரில் பணம் திரட்டிப் பொதுப் பூசை நடத்தியதாகவும், பன்னிரண்டு நண்பர் என்ற பொருளில் அதற்குப் பாரோயாரி என்ற பெயர் வந்ததாகவும் கூறுவர். இன்று கொல்கத்தாத் தெருக்களை நிறைக்கும் பந்தல்களின் மூதாதை அதுவே. 2021 டிசம்பரில் யுனெஸ்கோ கொல்கத்தாவின் துர்க்கை பூசையை மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது சிறப்புப் பெற்றதில் பெரும்பங்கு இந்தத் தெருப் பூசைக்குரியது.

ஜமீன்களின் முடிவை விரைவாகச் சொல்லிவிடலாம். கம்பெனியின் தலைமை ஆளுநர் காரன்வாலிஸ் 1793இல் வரித்தொகையை என்றென்றைக்குமாக நிலைப்படுத்தி, குறித்த நாளின் கதிரவன் மறைவுக்குள் வரி கட்டாத ஜமீன் ஏலத்துக்கு வரும் என்ற நிலையை உண்டாக்கியதும் பழைய குடும்பங்கள் பல நொடித்தன; தப்பியவையும் தலைமுறைப் பிரிவினையால் துண்டுபட்டன; இறுதியில் 1953ஆம் ஆண்டு மேற்கு வங்கச் சட்டம், சென்னை மாகாணத்தின் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தைப் போலவே, ஜமீன் முறையை ஒழித்தது.

அதன் பின்னும் பூசை எப்படி நின்றது என்பதே கவனிக்க வேண்டியது. தெய்வத்தின் பெயரால் எழுதி வைக்கப்பட்ட சொத்துக்கு வங்காளத்தில் தேவோத்தரம் என்று பெயர். தமிழ்க் கல்வெட்டுகள் தேவதானம் என்று சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான். அதைப் பேணுபவர் சேபாயித், அதாவது தெய்வத்தின் பணியாளர். அவர் உரிமையாளர் அல்லர், உரிமையாளர் தெய்வமே. குடும்பம் கிளைத்துப் பெருகும்போது பூசைப் பொறுப்பு பாலா என்னும் முறைவைத்துக் கிளைகளிடையே சுற்றி வரும். இந்த முறையைப் பற்றிய புகழ்பெற்ற வழக்கு ஒன்று லண்டனிலேயே தீர்ப்புப் பெற்றது. கல்கத்தாவின் மல்லிக் குடும்பத்தில், தன் முறை வரும் காலத்தில் குடும்பத் தெய்வமான இராதா-சியாம்சுந்தரரைத் தன் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாமா என்று எழுந்த சச்சரவு பிரிவி கவுன்சில் வரை போனது. 1925இல் தீர்ப்பளித்த நீதிபதிகள், தெய்வப் படிமம் ஒருவர் இஷ்டம்போல் கையாளும் பொருளன்று, தனக்கென விருப்பமுடைய சட்டவழி ஆள் என்று ஏற்று, அதன் சார்பில் பேச நடுநிலையாளர் ஒருவரை அமர்த்த வேண்டும் என்றும், அதை வழிபடும் குடும்பப் பெண்களின் கருத்தும் கேட்கப்பட வேண்டும் என்றும் சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பினர்.

அந்தச் சிந்தனையின் பயனைத் தமிழகமும் பெற்றது. தஞ்சைப் பகுதியின் பத்தூரில் 1976இல் மண்ணிலிருந்து கிடைத்துக் கடத்தப்பட்ட நடராசர் படிமம் லண்டனில் விற்கப்பட்டு, பின்னர் காவல்துறையிடம் சிக்கியபோது, இடிந்துகிடந்த விசுவநாதர் கோயிலே வழக்காடும் உரிமை உடையதா என்ற கேள்வி எழுந்தது. 1988இல் லண்டன் உயர் நீதிமன்றத்திலும் 1991இல் மேல்முறையீட்டிலும் கோயிலின் பக்கமே தீர்ப்பாகி நடராசர் தாயகம் திரும்பினார். தெய்வமும் கோயிலும் சொத்துரிமை கொள்ளும் ஆட்கள் என்ற இந்திய மரபை ஆங்கில நீதிமன்றம் மதித்த அந்த வழக்கின் பின்னே, வங்காளத்துக் குடும்பங்களின் பூசைச் சச்சரவுகளில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் திரண்ட சட்ட அறிவு இருக்கிறது.

ராய்சௌத்ரிகள் தாமும் நீதிமன்றம் சென்றனர். சொத்துக்காக அன்று, வரலாற்றுக்காக. ஆகஸ்ட் 24ஐ நகரத்தின் பிறந்தநாளாகவும் சார்னாக்கை அதன் நிறுவனராகவும் கொண்டாடுவதை எதிர்த்துக் குடும்பத்தின் சங்கம் தொடுத்த பொதுநல வழக்கில், கல்கத்தா உயர் நீதிமன்றம் வரலாற்றறிஞர் குழுவொன்றின் அறிக்கையைப் பெற்று, சார்னாக் நகரத்தை நிறுவியவர் அல்லர் என்றும் நகரத்துக்குக் குறிப்பிட்ட பிறந்தநாள் என்று ஒன்று இல்லை என்றும் 2003 மே மாதத்தில் தீர்ப்பளித்தது. தாமே நிறுவனர்கள் என்ற பட்டத்தைக் குடும்பத்துக்கு அந்தத் தீர்ப்பு தரவில்லை. கிராமங்கள் முன்பே இருந்தன, மக்கள் முன்பே வாழ்ந்தனர் என்பதை மட்டுமே அது நிலைநாட்டியது; அதற்கு மேல் வேண்டியதில்லை.

லண்டனிலும் துர்க்கை வந்து சேர்ந்துவிட்டாள். நகரத்தின் வடபகுதியில் 1963இல் வங்காளிகள் தொடங்கிய பூசை இன்றும் நடக்கிறது. 2006இல் கொல்கத்தாவிலிருந்து வந்த கலைஞர்கள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குள்ளேயே வைக்கோலும் களிமண்ணும் கொண்டு வனைந்த படிமம் விழா முடிந்தபின் தேம்சு நதியில் கரைக்கப்பட்டது. தோர்ண்டன் ஹீத்தின் முருகன் கோயிலைப் போன்ற புலம்பெயர் தமிழ்க் கோயில்களில் நவராத்திரி நாட்களை உபயமாக ஏற்கும் குடும்பங்கள், பாலா என்ற சொல்லைக் கேட்டிராவிட்டாலும், அந்த முறையை நன்கு அறிவார்கள்: இன்ன நாள் இன்னாருடையது, அவர் இல்லாத ஆண்டில் அவர் பிள்ளைகளுடையது. பண்ணையோ வயலோ கையில் இல்லாத இடத்திலும் விழாவின் ஒரு நாள் ஒரு குடும்பத்தின் பெயரால் நிற்கிறது. பத்தாம் நாளில் பிள்ளைகளை மடியில் இருத்தி ஏடு தொடக்குவதும் அங்கேயே நடக்கிறது.

1698ஆம் ஆண்டுப் பத்திரத்தின் பாரசீகப் படி லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் காக்கப்பட்டு வருகிறது. பரிஷாவின் ஆட்சாலாவில், ஆற்றில் கரைத்த பின் எஞ்சும் மூங்கில் சட்டம் அடுத்த ஆண்டுப் பூசைக்காக மீண்டும் வெளியே எடுக்கப்பட்டு, முதல் பிடி கங்கைக் களிமண் அதன்மேல் பூசப்படும்.